பரண் வேறு, அறை வேறு: ஓட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தை என்ன செய்யலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டி வளர்ந்த ஊர்களில் வீட்டைப் பற்றிய பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பை, விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டையில் ஒரு மாடி வரிசை வீடு (தரைத்தளம் மட்டும், மேலே மாடி கிடையாது) வாங்கியாயிற்று, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இரண்டு அறை போதவில்லை, பின்பக்கம் ஏற்கெனவே சமையலறையை நீட்டிவிட்டதால் இடமும் இல்லை. அப்போதுதான் யாராவது அண்ணாந்து பார்த்து, "சிலிங்குக்கு மேலே அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கிறது" என்பார்கள். போதாக்குறைக்கு யூடியூபில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் கூரைக்கு அடியில் படுக்கையறை, குளியலறை எல்லாம் கட்டி முடித்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரிப்பார். நம் ஊர் கான்ட்ராக்டரும் "செய்யலாம்ணே, பிளான் எல்லாம் தேவையில்லை" என்றுவிட்டால் ஆசை பாதி வேலையை முடித்துவிடும்.

முடியுமா என்றால், பரணாக ஆக்க முடியும், பெரும்பாலான வீடுகளில். படுத்துத் தூங்கும் அறையாக ஆக்க, பெரும்பாலான ஒரு மாடி வரிசை வீடுகளில் முடியாது. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

"மேலே ஒரு ரூம்" என்று பேசும்போது மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

1. பரண். சாமான் வைக்கும் இடம். பழைய லயத்து வீட்டு அடுப்படியில் பலகை போட்டு விறகும் பொங்கல் பானையும் தகரப் பெட்டியும் ஏற்றி வைத்தோமே, அதேதான். ஆள் ஏறுவார், இறங்குவார், அங்கே தங்கமாட்டார்.

2. கூரைக்குள் அறை. இருக்கும் கூரையின் வடிவத்தை மாற்றாமல், அதன் உள்ளே தரை, படி, ஜன்னல் போட்டு மனிதர் வாழும் அறையாக்குவது. இங்கிலாந்து வீடியோக்களில் வருவது பெரும்பாலும் இதுதான். மலாயில் லோத்தெங், ஆங்கிலத்தில் அட்டிக் அல்லது லோஃப்ட்.

3. கூரையைத் தூக்கிக் கட்டுவது. ஓட்டைப் பிரித்து, சுவரை உயர்த்தி, புதுக் கூரை போடுவது. இதை லோஃப்ட் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் இது இரண்டாவது மாடி. அஸ்திவாரத்திலிருந்து கணக்குப் போட வேண்டிய வேலை.

கான்ட்ராக்டர் பேச வரும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். இரண்டாவதற்கு விலை பேசி, பாதியில் மூன்றாவதாக மாறுவதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் கோளாறு.

அந்த இடம் சும்மா கிடக்கவில்லை

ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு சிலிங் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பாருங்கள். நான்கு வேலைகள் அங்கே நடந்துகொண்டிருக்கின்றன.

முதல் வேலை, கூரையைத் தாங்குவது. பழைய வீடுகளில் கைமரம், உத்தரம், ரீப்பர் என்று தச்சர் அந்த இடத்திலேயே அறுத்துச் சேர்த்த கெட்டி மரங்கள் இருக்கும். பின்னால் வந்த தாமான் வீடுகளில் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து ஏற்றிய டிரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகம், இருக்கும், பிளானில் "கெக்குடா பும்போங்" என்று எழுதியிருப்பார்கள். மெல்லிய மரச் சட்டங்களை முள் பதித்த இரும்புத் தகடுகளால் இணைத்திருப்பார்கள். இன்னும் புதிய வீடென்றால் மெல்லிய துத்தநாகம் பூசிய எஃகு. டிரஸ் மரமானாலும் எஃகானாலும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி சட்டங்கள் ஓடும். இந்தக் குறுக்குச் சட்டம்தான் கூரையின் உயிர். "நடுவில் இரண்டை அறுத்துவிட்டால் இடம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். ஒன்றை அறுத்தாலும் மேலிருக்கும் ஓட்டின் பாரம் பக்கத்துச் சட்டங்களுக்கு மாறும், அவையோ அந்தப் பாரத்துக்குக் கணக்கிடப்பட்டவை அல்ல. அன்றைக்கே விழாது. மெதுவாகக் கூரை தொய்யும், சுவரின் மேல் விளிம்பு வெளியே தள்ளும், அப்புறம் ஒரு மழைக்காலத்தில் ஓடு நகர்ந்து ஒழுகும்.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி. மலேசிய வீடுகளில் அது பெரும்பாலும் கூரைக்குள்தான் இருக்கிறது. 100 கேலன் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 450 கிலோவுக்கு மேல். அதற்கென்று சுவரின் மேல் தனிச் சட்டம் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அறை வேண்டுமென்றால் தொட்டி நகர வேண்டும், நகர்ந்த இடத்திலும் அந்த 450 கிலோவை யாராவது தாங்க வேண்டும். தரையில் இறக்கி வைத்தால் பம்ப் வேண்டும்.

மூன்றாவது, மின்கம்பிகள். சிலிங்கின் முதுகில் படுத்திருக்கும் பழைய வயர்கள், எலி கடித்தது பாதி, நாமே இழுத்துப் பின்னியது பாதி.

நான்காவதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை: வெயில். அந்தக் காலி இடம் வீட்டுக்குக் குடை. இதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் சரியாக அமைந்த வீட்டில்கூட இது தோற்கடிக்கும்.

உயரக் கணக்கு: நாடாவை எடுங்கள்

மலேசியாவில் கட்டட விதிகள் 1984ஆம் ஆண்டின் ஒருமித்த கட்டடத் துணைச் சட்டங்கள் என்ற தொகுப்பில் இருக்கின்றன. யூபிபிஎல் என்று சுருக்கிச் சொல்வார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வந்தது. அதில் நமக்கு வேண்டியவை:

1. வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் உயரம் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது.
2. சிலிங் சாய்வாக இருந்தால் சராசரி உயரம் அந்த 2.5 மீட்டரை எட்ட வேண்டும், எந்த இடத்திலும் 2 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.
3. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, அதற்கு மேல் வரும் ஒவ்வொன்றும் 6.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது.

இங்கிலாந்து வீடியோவுக்கும் நமக்கும் பாதை பிரிவது இங்கேதான். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் என்று ஒன்று கிடையாது, படிக்கட்டில் தலை இடிக்காத அளவு இருந்தால் போதும். அதனால் சிலிங் சட்டத்திலிருந்து முகடு வரை 2.2 மீட்டர் இருந்தாலே அங்கே "செய்யலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வரிசை வீட்டுக் கூரையை 40 கன மீட்டர் வரையும் மற்ற வீடுகளில் 50 கன மீட்டர் வரையும் பெருக்க, சில நிபந்தனைகளோடு, தனியாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற சலுகையும் அங்கே உண்டு. கூரையும் நம்முடையதைவிடச் செங்குத்து. அந்த ஊர் நியாயம் அந்த ஊருக்கு.

இப்போது நம் வீடு. ஓட்டுக் கூரையின் சாய்வு 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், வரிசை வீட்டுக்கு அது சாதாரணமான சாய்வு. இந்தச் சாய்வில் ஒவ்வொரு மீட்டருக்கும் கூரை 47 சென்டிமீட்டர் ஏறும். பெரிய கூரைக்கு அடியில் வீட்டின் ஆழம், அதாவது முன் சுவரிலிருந்து பின் சுவர் வரை, 9 மீட்டர், சுமார் 30 அடி. முகடு நடுவில். ஆக 4.5 மீட்டர் தூரம் ஏறுகிறது, முகட்டின் உயரம் 2.1 மீட்டர். புதிதாகப் போடும் தரைக்கும் அதன் கீழ்ச் சட்டங்களுக்கும் 20 சென்டிமீட்டரைக் கழியுங்கள். நட்ட நடுக்கோட்டில் 1.9 மீட்டர். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச 2 மீட்டர் எந்த மூலையிலும் இல்லை. அதாவது சட்டப்படியான அறையின் பரப்பு: பூஜ்யம்.

சாய்வு 30 டிகிரி என்றால்? முகடு 2.6 மீட்டர், தரை போக 2.4. நடுவில் நிற்கலாம், ஆனால் மிக உயர்ந்த இடமே 2.4 என்றால் சராசரி எப்படி 2.5 ஆகும்?

தலைகீழாகவும் கணக்குப் போடலாம். 25 டிகிரிக் கூரையில் இருப்பதிலேயே ஒடுக்கமான, 2 மீட்டர் அகல அறை வேண்டும். முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர். ஓரத்தில் உயரம் 47 சென்டிமீட்டர் குறையும், சராசரி முகட்டைவிட 23 சென்டிமீட்டர் குறைவு. சராசரி 2.5 வர முகடு தரைக்கு மேல் 2.73 மீட்டர் இருக்க வேண்டும், பழைய சிலிங்கிலிருந்து 2.93. அதற்கு வீட்டின் ஆழம் ஒரே கூரையின் கீழ் 12.6 மீட்டர், 41 அடி. ஓட்டுக்கு அடியில் வெப்பத்தடைப் பஞ்சும் பலகையும் அடித்தால் இன்னும் 10, 15 சென்டிமீட்டர் போய்விடும். இவ்வளவுக்கும் கிடைப்பது ரயில் பெட்டி மாதிரி ஓர் அறை. மலிவு விலை வீடுகளில் இந்த ஆழம் கிடையாது. நடுத்தர வீடுகளில் ஆழம் இருந்தாலும் கூரையை முன்னால் ஒன்று, சமையலறைக்கு மேல் தாழ்வாக ஒன்று என்று இரண்டாக உடைத்திருப்பார்கள்.

மேலே ஏறாமலே இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பிளானில் "கெராத்தான்" என்று ஒரு படம் இருக்கும், வீட்டை நெடுக்கில் வெட்டிக் காட்டுவது. கூரையின் சாய்வு, முகட்டின் உயரம், டிரஸ்ஸின் வடிவம் மூன்றும் அதில் தெரியும். கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் இதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

பாரம்: சிலிங் தரை அல்ல

சிலிங் சட்டம் பிளாஸ்டர் பலகையையும் ஒரு மின்விசிறியையும் தாங்கப் போட்டது. மனிதர் வாழும் தரை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், பேச்சு வழக்கில் 150 கிலோ. 10 அடிக்கு 12 அடி அறை 11 சதுர மீட்டருக்குச் சற்று மேலே, ஆக 1,650 கிலோ. ஒன்றரை மைவி காரைத் தூக்கிச் சிலிங்குக்கு மேல் நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தரைப் பலகையின் சொந்த எடை தனி.

இதைச் சிலிங் சட்டத்தின் மேல் பிளைவுட் விரித்துச் செய்ய முடியாது. புதிதாக எஃகு அல்லது கெட்டி மர உத்தரங்கள் போட வேண்டும், அவை உட்கார இடம் வேண்டும். எங்கே உட்காரும்? இரண்டு பக்கமும் இருப்பது பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்ட சுவர். அந்தச் சுவரில் ஓட்டை போட்டு உத்தரத்தைச் செருகினால் பாதி உங்கள் பக்கம், பாதி அவர் பக்கம். ஒற்றைச் செங்கல் சுவராக இருந்தால் உத்தரத்தின் முனை அவர் வீட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே பொறியாளர் பெரும்பாலும் உங்கள் பக்கத்திலேயே தனித் தூண் எழுப்பச் சொல்வார். தூண் என்றால் அஸ்திவாரம், அஸ்திவாரம் என்றால் வரவேற்பறை டைல்ஸை உடைப்பது. "மேலே மட்டும் வேலை, கீழே நீங்கள் பாட்டுக்கு இருக்கலாம்" என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஒரு மாடிக்கென்று போட்ட அஸ்திவாரம் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்பது மண்ணைப் பொறுத்தது. பேராக்கில் பழைய ஈயக் குட்டையை மூடி மேடாக்கிய நிலத்தில் எழுந்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் சுவரில் ஏற்கெனவே சாய்வாக வெடிப்பு ஓடியிருந்தால் மேலே எதையும் ஏற்றும் பேச்சை அந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறுக்குச் செய்தி: கூரைத் தகடோ சிலிங் பலகையோ அஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். தூசி நுரையீரலுக்குள் போனால் பாதிப்பு பல பத்தாண்டு கழித்துத்தான் வெளியே தெரியும். அகற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

படிக்கட்டு தின்னும் இடம்

விதிப்படி ஒரு படியின் ஏற்றம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கீழ்த்தரையிலிருந்து மேல்தரை 3 மீட்டர் என்றால் 17 ஏற்றம், 16 மிதி. நீளம் 4.08 மீட்டர், பதின்மூன்றரை அடி. அகலம் 0.9 மீட்டர் வைத்தாலே சுமார் 3.7 சதுர மீட்டர் காலி, ஏறவும் இறங்கவும் நிற்கும் இடம் சேராமல். மேலே 6.5 சதுர மீட்டர் அறை கிடைப்பதற்குக் கீழே கிட்டத்தட்ட 4 சதுர மீட்டரை இழக்கிறீர்கள். இந்தக் கழித்தலை யாரும் பிளானில் எழுதிக் காட்டுவதில்லை!

இன்னொன்று. படி மேலே போய்ச் சேரும் இடத்தில் தலை இடிக்கக் கூடாது, ஆகவே அது முகட்டுக்கு அடியில்தான் முடிய முடியும். முகடு வீட்டின் நடுவில். வரிசை வீட்டின் நடுப்பகுதி ஏற்கெனவே இருட்டு, அங்கேதான் இரண்டாவது அறையின் கதவும் குளியலறையின் கதவும் இருக்கும். படியை அங்கே நட்டால் கீழே நடமாட்டமே மாறிவிடும்.

மடக்கு ஏணி போட்டு விடலாமே என்றால், பரணுக்குப் போடலாம். தூங்கும் இடத்துக்குக் கூடாது, காரணம் நெருப்பு. கீழே சமையலறையில் தீப்பிடித்தால் புகை முதலில் மேலேதான் ஏறும். மேலே படுத்திருக்கும் பிள்ளைக்கு இறங்கும் வழி அந்தப் புகைக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னல் வழியாக வரலாம் என்றால் நம் ஊர் வழக்கப்படி அதற்கும் இரும்புக் கிரில் அடித்துப் பூட்டுப் போட்டிருப்போம். மேல் அறை கட்டுகிற யாரும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கிரில் ஒன்றையும் புகை எச்சரிக்கை மணியையும் முதல் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில்: குடைக்குள் குடியேறினால்

இங்கிலாந்தில் கூரைக்குப் பஞ்சு அடிப்பது உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடாமல் இருக்க. நமக்குப் பிரச்சினை நேர் எதிர். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் இருக்கிறது, நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். ஓடு பழுத்து, அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி வீசும். கூரைக்குள் இருக்கும் காற்று நல்ல வெயில் நாளில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டைச் சிலிங்குக்கு மேலேயே நிறுத்தி வைத்திருப்பதால்தான் கீழே நாம் மின்விசிறியோடு சமாளிக்கிறோம். அந்த இடத்தையே அறையாக்கினால் குடைத்துணியின் மேல் படுக்கை போட்ட மாதிரி. இரவு எட்டு மணிக்கும் ஓடு ஆறியிருக்காது.

சமாளிக்க வழிகள் உண்டு, வரிசை முக்கியம்.

1. ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள். ஆனால் அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். பலகையோடு ஒட்டி அடித்துவிட்டால் அது வெறும் தாள்.
2. அதற்குக் கீழே கண்ணாடிப் பஞ்சு அல்லது பாறைப் பஞ்சு. 50 மில்லிமீட்டரில் பேச்சை முடிக்கப் பார்ப்பார்கள், 100 கேளுங்கள்.
3. தாழ்வாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி. உள்ளே வர வழியில்லாமல் கூரை மேல் சுழலும் காற்றாடியை மட்டும் வைப்பதில் பெரிய பயன் இல்லை.
4. இவை முடிந்த பிறகுதான் ஏர்கோன். முதல் மூன்றையும் விட்டுவிட்டு ஏர்கோன் மட்டும் போட்டால் மாதாமாதம் மின்சாரக் கட்டணத்தில் அந்த மிச்சத்தைக் கட்டுவீர்கள்.

வெளிச்சமும் காற்றும் சட்டத்திலேயே இருக்கின்றன. ஜன்னலின் பரப்பு அறைத் தரையில் 10 விழுக்காடு, திறந்து காற்று வரும் வழி 5 விழுக்காடு. சிறிய அறைக்குப் பெரிய ஜன்னல் தேவையில்லை, ஆனால் எங்கே வைப்பது? நடு வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். ஓரத்து வீடாகவோ மூலை வீடாகவோ இருந்தால் பக்கச் சுவரில் நல்ல ஜன்னல் வைக்கலாம், கூரைக்குள் அறை என்ற யோசனைக்கு ஓரளவு பொருந்தும் வீடு அதுதான். நடு வீட்டில் கூரையைத் துளைத்துக் கண்ணாடி வைக்க வேண்டும், அல்லது சாய்விலிருந்து சின்னக் கூடு மாதிரி நிமிர்த்தி ஜன்னல் வைக்க வேண்டும். சாய்ந்த கண்ணாடி நண்பகல் வெயிலை நேராக உள்ளே இறக்கும், மாலை மழைக்குத் திறந்து வைக்கவும் முடியாது. எனக்கு அது இந்த ஊருக்கான பொருளாகவே தெரியவில்லை. நிமிர்ந்த கூடு நல்லது, ஆனால் கூரையும் கூடும் சேரும் பள்ளத்தில் தகரம் மடித்துப் போடும் வேலை சுத்தமாக இல்லாவிட்டால் ஒழுகும்.

குளியலறையும் மேலேயே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: தொட்டியும் குழாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் சொட்டும், பாயாது. அந்த ஆசையை விட்டுவிடலாம்.

காகித வேலை

பிளான் தேவையில்லை என்ற பேச்சு தவறு. கட்டடத்தை மாற்றவோ கூட்டவோ ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அங்கேதான் போக வேண்டும். தரை, படி, கூரை மாற்றம் என்பதெல்லாம் டைல்ஸ் மாற்றுவது மாதிரி சின்ன வேலையல்ல. பதிவு பெற்ற கட்டட வரைவாளர், கட்டடக் கலைஞர், தொழில்முறைப் பொறியாளர் ஆகியோரில் ஒருவர் பிளானைச் சமர்ப்பிக்க வேண்டும், பாரக் கணக்குக்குப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும். வேலை முடிந்ததும் சிசிசி என்ற நிறைவுச் சான்றிதழைக் கொடுப்பதும் 2007லிருந்து இந்தத் தொழில்முறையாளர்தான். மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன். பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம், ஏனென்றால் ஓடும் முகடும் வரிசை முழுக்க ஒரே தொடராக ஓடுகின்றன. நீங்கள் பிரித்த இடத்தில் ஒழுகுவது அவர் வீட்டிலும்தான்.

அனுமதி இல்லாமல் கட்டினால் உடனே யாரும் வரமாட்டார்கள். விற்கப் போகும்போது வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பிளானையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், அப்போது வரும் சிக்கல். தீவிபத்துக் காப்புறுதியிலும் இதே கேள்வி எழும். மன்றம் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் இடிப்பதும் உங்கள் செலவு.

மலிவு விலை வீடாக இருந்தால் நிலப் பட்டாவில் என்ன கட்டுப்பாடு எழுதியிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. வீடு நிர்வாகத்துடையது, அதைப் பராமரிப்பது 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. சொந்தப் பணத்தை அங்கே கொட்ட வேண்டாம்.

பணம் என்றதும் ஊழியர் சேமநிதியை நினைப்பவர்கள் உண்டு. வீட்டுக்கென்று எடுக்கும் வழி வாங்கவும் கட்டவும் வீட்டுக் கடனை அடைக்கவும்தான், புதுப்பிப்புக்கு அல்ல. 2024 மே மாதம் வந்த மூன்றாவது கணக்கிலிருந்து, அதான் அக்காவுன் பிளெக்சிபல், எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு மட்டுமே அதில் சேர்கிறது. ஒரு மேல் அறைக்கு அது காணாது.

அப்படியென்றால் எதைச் செய்வது

ஒரு வரிசையில் முடிவெடுங்கள், ஒரு படியில் தோற்றால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. பட்டாவும் அங்கீகரிக்கப்பட்ட பிளானும் கையில் இருக்கின்றனவா?
2. கெராத்தான் படத்தில் முகடு சிலிங்கிலிருந்து குறைந்தது 3 மீட்டர் இருக்கிறதா?
3. கூரை, தச்சர் கட்டிய கைமரக் கூரையா, தொழிற்சாலை டிரஸ்ஸா? டிரஸ் என்றால் முழுவதையும் மாற்றினால் ஒழிய அறை கிடையாது.
4. படி நடு வீட்டில் இறங்கினால் கீழே எந்த அறை சாகிறது?
5. இவ்வளவுக்கும் பிறகுதான் பொறியாளர், அவருக்கும் பிறகுதான் கான்ட்ராக்டர். நாம் வழக்கமாகத் தலைகீழாகப் போவோம்.

பெரும்பாலான வீடுகள் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு வழிதான். உண்மையாகவே ஓர் அறை வேண்டுமென்றால் முன்கூரையைத் தொடாமல், பின்பக்கத்தில் புது அஸ்திவாரமும் கான்கிரீட் தூணும் போட்டு, நீட்டிய சமையலறைக்கு மேல் ஓர் அறையை எழுப்புவது. அது மூன்றாவது வகை வேலை, இரண்டாவது மாடி என்று பெயர் சொல்லியே பிளான் கொடுங்கள். பாரம் புதுத் தூணில் இறங்குகிறது, படி பின்னால் ஒதுங்குகிறது, ஜன்னல் பின்சந்தைப் பார்க்கிறது, மேலே குடையாக இன்னொரு கூரை வந்துவிடுகிறது. கூரைக்குள் அறையைவிடச் செலவு கூடுமே என்பார்கள். கூரைக்குள் அறைக்கும் தூண், அஸ்திவாரம், வெப்பத்தடை, புதுத் தொட்டி எல்லாம் சேர்த்துப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பேச்சைப் பேசலாம்.

அறை வேண்டாம், சாமான் போக இடம் வேண்டும் என்றால் பரண் போடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கீழே சாமான் அடைத்துக் கிடக்கும் மூன்றாவது அறை காலியானாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. சுவருக்கு மேல் வரும் இடமாகப் பார்த்து, டிரஸ்ஸின் நடுவை விட்டு, பொறியாளரோ அனுபவமுள்ள தச்சரோ காட்டும் இடத்தில் பலகை. ஏற மடக்கு ஏணி, இரண்டடிச் சதுரத்தில் மூடி. தைப்பூசக் காவடி, விசேஷத்துக்கு எடுக்கும் பாத்திரம், பெட்டி மாதிரி எடை குறைந்தவை மேலே போகலாம். அரிசி மூட்டையும் பழைய புத்தகக் கட்டும் கீழேயே இருக்கட்டும். மெழுகும் வார்னிஷும் அந்தச் சூட்டில் வேண்டவே வேண்டாம். மரத்தில் கரையான் மண் கோடு தெரிகிறதா, மரநாய் நுழைந்த ஓட்டை இருக்கிறதா என்று பலகை போடும் முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியை மட்டும் சாமானால் அடைத்துவிடாதீர்கள், மிதவை வால்வு பழுதாகிச் சிலிங் வழியாகத் தண்ணீர் கொட்டும் அன்றைக்குப் பிளம்பர் அந்த வழியாகத்தான் ஊர்ந்து போக வேண்டும்.